பிடித்த கெண்டையை ஆற்றில் விட்ட சூசையப்பன் அத்தான்

சூசையப்பன் அத்தான் இறந்துபோன செய்தி வந்தபோது நான் தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் சாளை மீன் ஏலத்தில் நின்றுகொண்டிருந்தேன். போனில் அக்கா அழவில்லை. "அத்தான் போயிட்டாரு லே. ஆத்துக்குப் போணும்ணு காலம்பறயே எழும்புனாரு, கட்டில்ல இருந்தபடியே சாஞ்சிட்டாரு" என்றாள். சாகிற நாளிலும் அந்த மனிதருக்கு ஆற்றுக்குப் போக வேண்டியிருந்திருக்கிறது. என்னத்தைச் சொல்ல!

நினைவு மலருக்கு நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரும்படி பங்கு ஆலயத்தில் கேட்டார்கள். இறந்தவரைப் பற்றிப் பொய் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. உள்ளதை எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். அவர் என் அக்காளின் கணவர். எங்கள் கடற்கரையில் பிறந்தவர். எங்கோ குளிர் தேசத்துக் கடலில் எண்ணெய்க் கிணற்றில் வெகுகாலம் வேலை பார்த்தார். சுனாமிக்கு அடுத்த வருடம் ஊர் திரும்பினார். எல்லாரும் பெட்டி நிறைய சென்ட்டும் சோப்பும் கொண்டுவருவார்கள். இவர் ஒரு நீளக் கம்பும், நெஞ்சுவரை ஏறும் ரப்பர் கால்சட்டையும் கொண்டுவந்தார். வந்த வேகத்தில் கடற்கரை வீட்டை விட்டுவிட்டு, அருமனைப் பக்கம் ஆற்றோரமாக ரப்பர் தோட்டத்துக்குள் வீடு வாங்கிக் குடியேறினார். கடலைப் பார்த்துப் பிறந்தவனுக்கு ஆற்று மீன் கேட்கிறதாம்!

கோடையில் மலையாறு வற்றித் தெளிந்து கிடக்கும்போது அவருடைய கூத்தைப் பார்க்க வேண்டும். கோழியின் கழுத்து இறகைத் தூண்டில் முள்ளில் நூலால் சுற்றிக் கட்டி, இதுதான் ஈ என்பார். முட்டளவு தண்ணீரில் நின்றுகொண்டு கம்பைத் தலைக்குமேல் சுழற்றிச் சுழற்றி அந்த ஈயைத் தண்ணீர்மேல் மெல்ல இறக்குவார். குளிக்க வந்த பெண்கள் வாயைப் பொத்திச் சிரிப்பார்கள். எனக்கு மானம் போகும்.

"கரை முழுக்க மண்புழு கெடக்கு. ஒண்ணக் கோத்தா என்ன அத்தான்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அது மரியாதை இல்ல மச்சினா. அங்க குளிர் தேசத்துல டிரவுட்டுண்ணு ஒரு மீன் உண்டு. நம்ம நிழலு விழுந்தாலே ஓடிரும். அதைப் பிடிச்சுப் படிச்ச வித்தையாக்கும் இது."

"இங்க அந்த மீன் உண்டா?"

"இல்ல. கெண்டை உண்டே."

பிடித்த கெண்டையையாவது வீட்டுக்குக் கொண்டுவருவாரா? அதுவும் கிடையாது. கையில் ஏந்திப் பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார். தண்ணீருக்குள் வைத்துக் கொஞ்சநேரம் பிடித்திருப்பார். விட்டுவிடுவார். மீன் விற்றுப் பிழைக்கிறவன் பார்த்துச் சகிக்கிற காட்சியா இது?

இதெல்லாம்கூடப் போகட்டும். நான் சொல்ல வந்தது பெண்பார்க்க வந்த நாளைப் பற்றி.

அவருடைய ஒரே மகள் லீமா அப்போது நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். கொட்டாரம் என்கிற ஊரில் பெரிய கடை வைத்திருந்த ஒருவரின் மகனுக்கு நான்தான் அவளைப் பேசிமுடித்தேன். பையனுக்குத் துபாயில் வேலை. படிப்பை அத்தோடு நிறுத்திவிட வேண்டும் என்பது மட்டுமே அவர்கள் போட்ட நிபந்தனை. லீமா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "ஏட்டி, ஊசி குத்துனது போதும். பேசாம இரி" என்று அதட்டி வைத்தேன். தாய்மாமன் கொண்டுவந்த சம்பந்தம். எங்கள் பக்கம் அதைத் தட்டிவிட்டால், அப்புறம் மாமன் அந்த வீட்டுப் படி ஏறமாட்டான். அக்காளுக்கும் அது தெரியும், அத்தானுக்கும் தெரியும்.

அவர்கள் வருகிற வாரம் பார்த்துக் கடல் பொங்கிவிட்டது. ஒரு வள்ளமும் இறங்கவில்லை. சம்பந்திக்கு ஐஸ் மீனா வைப்பது? நான் தவித்தபோது அத்தான், "நீ விசாரப்படாத. அண்ணைக்கு ஒரு பெரிய கெண்டை நான் கொண்டாறேன்" என்றார். நம்பினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அன்று காலையில் வந்து இறங்கிய மாப்பிள்ளையின் தகப்பனார் அத்தான் மீன் பிடிப்பதை வேடிக்கை பார்க்க வேண்டும் என்றார். ஆற்றுக்குக் கூட்டிப்போனேன். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கம்பு வளைந்தது. அம்மாடி, என்ன கெண்டை! அத்தான் இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினார். "தேங்காய் அரைச்சு மாங்காய் போட்டு வச்சா..." என்று கொட்டாரத்துக்காரர் நாக்கைச் சப்புக்கொட்டினார். அத்தான் அவரை நேராகப் பார்த்துச் சிரித்தார். குனிந்தார். கெண்டை போய்விட்டது.

"என்ன வோய் செய்தீரு?" என்று கத்தினேன்.

"அதுக்கு அங்க வேற சோலி இருக்கும் மச்சினா."

கொட்டாரத்துக்காரர் என் காதருகே வந்து, "இவருக்குச் சுகமில்லையா? குடும்பத்துல வேற ஆருக்காவது இப்படி உண்டா?" என்று கேட்டார். மீன் வியாபாரி ஏற்பாடு செய்த விருந்தில் முட்டைக் குழம்பு ஊற்றினோம். போனவர்கள் போனவர்கள்தான். கிறுக்கன் வீட்டில் பெண்ணெடுக்க முடியாது என்று ஆள் சொல்லி அனுப்பினார்கள்.

அதன்பின் நான் அவரை விட்டுவைக்கவில்லை. கல்யாண வீடு, திருவிழா, ஆலய முற்றம், எங்கே நாலுபேர் கூடினாலும் கெண்டைக் கதையைச் சொல்லி அவரைக் காறித் துப்பினேன். ஊரெல்லாம் சிரித்தது. "கெண்டைக் கிறுக்கன்" என்று பிள்ளைகள் பின்னால் கூப்பிட்டன. அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். ஒரு நாளாவது எதிர்வார்த்தை பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் மதிப்பு வந்திருக்கும். பேசவில்லை. ரோஷம் கெட்ட மனிதர் என்றே முடிவு கட்டினேன்.

அடக்கத்துக்கு லீமா மஸ்கட்டிலிருந்து வந்தாள். அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். கல்லறைத் தோட்டத்திலும் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அண்ணைக்கு அந்தக் கெண்டையை விடாம இருந்தா நீ இப்ப துபாய்ல ராணியாட்டம் இருப்ப" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. "மாமா, அண்ணைக்குக் காலம்பற நான் அப்பாக்க கையப் பிடிச்சு அழுதேன். எனக்குப் படிக்கணும்ணு சொன்னேன்."

"அதுக்கு?"

"'மாமனுக்க மொகத்துல அடிக்கப்பிடாது மக்ளே. பொறவு அவன் இஞ்ச வரமாட்டான், அம்மைக்குத் தம்பி இல்லாமப் போவும். அவங்களே வேண்டாம்ணு சொல்லிட்டுப் போவட்டும், நான் பாத்துக்கிடுதேன்'ணு சொன்னாரு."

மண் போட என் முறை வந்தது. போட்டேன்.

அட மனுஷா! என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? சொல்லியிருந்தால் நான் தாம்தூம் என்று குதித்து, அன்றோடு உறவை முறித்திருப்பேன். அதுவும் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

நிம்மதியாய் உறங்கும், அத்தான். ஞாயிறுதோறும் நான் உம்முடைய வீட்டுக்கு வந்தேன். அக்காள் கையால் வயிறாரச் சாப்பிட்டேன். உம்முடைய நாற்காலியிலேயே சாய்ந்துகொண்டு உம்மைக் கிறுக்கன் என்றேன். கைகழுவத் தண்ணீர் எடுத்துத் தந்தது நீர்தான்.