மூடி தேடிய ஞாயிற்றுக்கிழமைகள்

தஞ்சாவூர்ப் பக்கத்தில் இங்கிலாந்துப் பீங்கானைத் தேட வேண்டுமென்றால் மாட்டுக்கொட்டகையில்தான் தேட வேண்டும். சொன்னால் யாரும் நம்புவதில்லை. நான் கால்நடை மருத்துவர். வீடு தஞ்சாவூரில் என்றாலும், குடவாசல், நன்னிலம் வட்டாரத்துக் கிராமங்களில் இருபத்தாறு வருடம் மாடு பார்த்திருக்கிறேன். அந்தக் காலத்து மிராசு வீடுகளில், ஜமாபந்திக்கு வரும் வெள்ளைக்கார அதிகாரிக்கு டீயும் சூப்பும் கொடுக்கவென்று கப்பலில் வந்த பாத்திரங்களை வாங்கி வைத்திருந்தார்கள். ஆனால் அவர் எச்சில் பட்ட தட்டு அடுக்களைக்குள் நுழையக்கூடாது. கழுவிக் கொட்டகைப் பரணில் ஏற்றிவிடுவார்கள். அதிகாரிகள் கப்பலேறிப் போன பிறகும் தட்டுகள் பரணிலேயே கிடந்தன. அப்புறம் யாராவது இறக்கிக் கோழிக்குத் தண்ணீர் வைப்பார்கள், கன்றுக்குத் தவிடு வைப்பார்கள்.

என் முதல் தட்டும் அப்படித்தான் கிடைத்தது. குடவாசலுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் கன்று வயிற்றுக்குள் குறுக்கே நின்றுவிட்டது. ஒரு மணி நேரம் போராடி வெளியே எடுத்துவிட்டுக் கை கழுவும்போது, கோழிகள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த தட்டில் நீலமாக ஏதோ தெரிந்தது. வைக்கோலால் துடைத்துப் பார்த்தேன். ஓர் ஓடையில் நான்கு மாடுகள் நின்றுகொண்டிருந்தன. பின்னால் இடிந்த கோபுரம் ஒன்று. நம்மூர் மாடுகள் இல்லை. திமில் கிடையாது, முதுகு பலகை மாதிரி நேராக இருந்தது, இடுப்பெலும்பு வெளியே தெரியாத அளவுக்குக் கொழுப்பு. மாடு பார்ப்பதே பிழைப்பாக இருந்த எனக்கு அந்த மாடுகளை உடனே பிடித்துப்போனது. கேட்டதும் வீட்டுக்காரர் சிரித்தார்.

"இதையா கேக்குறீங்க டாக்டரம்மா? எடுத்துட்டுப் போங்க."

மறுநாள் கோழிக்கு ஒரு எவர்சில்வர் தட்டு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத்தான் இதை எடுத்துக்கொண்டேன். பிறகு எல்லா வீட்டிலும் அதுவே பழக்கமாகிவிட்டது.

அந்தத் தட்டு என் வீட்டு மேசைமேல் சாவிக்கொத்து வைக்கத்தான் பயன்பட்டது. அதைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று எனக்குச் சொன்னவர் டீச்சர். மிஷன் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். கணவர் இறந்து, மகன் வளைகுடாவுக்குப் போன பிறகு ஒரு நாய்க்குட்டி வாங்கியிருந்தார். அதற்குத் தடுப்பூசி போட வந்தவர், நாயை மறந்துவிட்டுத் தட்டிலிருந்த சாவிகளை மேசையில் கொட்டினார்.

"டாக்டர், இது எங்க கெடச்சுதுங்க?"

"கோழிகிட்ட இருந்து."

அவர் சிரிக்கவில்லை. அடிப்பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கிரீடம் போட்ட ஒரு முத்திரை இருந்தது. நாட்டின் பெயர் அச்சாகியிருந்தால் கொஞ்சம் பிற்காலத்தது, இல்லையென்றால் பெரும்பாலும் அதற்கும் பழசு என்றார். சூளையில் மூன்று முள்ளின் மேல் உட்கார்ந்திருந்த தழும்பைத் தடவச் சொன்னார். நீலப் படம் கையால் வரைந்தது இல்லை, மெல்லிய தாளில் அச்செடுத்து ஈரத்தோடு ஒட்டியது. அதனால் தாள் சேரும் இடத்தில் ஒரு மாட்டுக்கு வால் இல்லாமல் போயிருந்தது. அதையும் காட்டினார். அவருடைய அப்பா மிஷன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தவர். ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்கார டாக்டரம்மா ஒருவர் விட்டுப்போன கோப்பைகள் அவர்கள் வீட்டில் இருந்தன. கிறிஸ்துமஸுக்கு மட்டும் வெளியே வரும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் மறுபக்கம் விரல் நிழல் தெரியும் அளவுக்கு மெல்லிய கோப்பைகள். சின்ன வயதில் அவற்றின் முத்திரைகளைப் படித்துப் படித்துத்தான் தனக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததாகச் சொன்னார்.

அன்றிலிருந்து நாங்கள் இரண்டு பேரானோம். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் டீச்சர் வெள்ளைப் புடவையோடே என் ஸ்கூட்டரில் ஏறிக்கொள்வார். நான் எந்த வீட்டில் என்ன பார்த்தேன் என்று வாரம் முழுக்க நினைவில் வைத்திருப்பேன். அவர் வந்து திருப்பிப் பார்த்து நல்லது, கெட்டது சொல்வார். கிடைத்ததை முறைவைத்துப் பகிர்ந்துகொள்வோம். இருவருக்குமே ஒன்று பிடித்துவிட்டால் அது அவருக்கு ஆறு மாதம், எனக்கு ஆறு மாதம். என் கணவர் எங்களைக் கேலி செய்வார். எனக்கு அதற்கு முன்னால் அப்படியொரு சிநேகிதி இருந்ததில்லை.

கஜா புயலுக்கு முந்தைய வருடம், நன்னிலம் பக்கத்தில் கருப்பை வெளியே தள்ளிய ஒரு பசுவைப் பார்க்க அவசரமாகக் கூப்பிட்டார்கள். புதன்கிழமை. வேலை முடிந்து திரும்பும்போது, கொட்டகை மூலையில் புண்ணாக்கு ஊறிக்கொண்டிருந்த பாத்திரத்தைப் பார்த்தேன். மேசை நடுவே வைத்து எல்லோருக்கும் சூப் ஊற்றுகிற பெரிய பாத்திரம் அது. இரண்டு பக்கமும் கைப்பிடி. சுற்றிலும் அதே ஓடை, அதே மாடுகள். என் தட்டின் உறவு அது. மூடியைக் காணோம்.

வீட்டம்மா சொன்னார்: "பாகம் பிரிக்கறப்ப அது எங்களுக்கு, மூடி எங்க நாத்தனாருக்குன்னு ஆயிருச்சுங்க. ரெண்டு பேரும் விட்டுக்குடுக்கல. மூடிமேல பூமொட்டு மாதிரி குமிழு இருக்கும். கரண்டிக் காம்பு வெளிய வர ஓரத்துல ஒரு வெட்டு இருக்கும்."

நாத்தனார் குடும்பம் குடவாசல் வீட்டை விற்றுவிட்டுச் சென்னைக்குப் போய்விட்டதாம். சாமான்களை அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டார்களாம். யாருக்கு என்று தெரியாது.

புண்ணாக்குக்கு வேறொரு வாளி வாங்கிக் கொடுத்துவிட்டு, பாத்திரத்தோடு நேரே டீச்சர் வீட்டுக்குப் போனேன். அவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு, "மூடி இல்லாம இது பாதிதான் டாக்டர். தேடுவோம்" என்றார். நான் அந்த வார்த்தையை அப்படியே நம்பினேன்.

ஏழு வருடம் தேடினோம். குடவாசலில் நாங்கள் கதவு தட்டாத தெரு இல்லை. அறுவடை நாளில் சாலையில் நெல் காயவைத்திருக்கிறவர்களிடம் நின்று கேட்டிருக்கிறோம். பூமொட்டுக் குமிழ் என்று காற்றில் கையால் வரைந்து காட்டியே எனக்குப் பழகிவிட்டது. யாரோ சொன்னார்கள் என்று பஸ்ஸில் அதிராம்பட்டினம் வரைக்கும் போனோம். கப்பல் வியாபாரம் செய்த ஒரு குடும்பத்தில், கூடம் முழுக்கச் சுவரில் தட்டுகள் பதித்திருந்தார்கள். அந்த வீட்டுப் பெண்கள் எங்களை உட்காரவைத்து, ரோஜாப்பூப் போட்ட கோப்பையில் டீ கொடுத்து, அலமாரியிலிருந்த மூடிகளையெல்லாம் தரையில் பரப்பினார்கள். டீச்சர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். ஒன்று எனக்குச் சரியாக இருக்கும் போலத் தோன்றியது. "இல்ல டாக்டர். இதோட நீலம் வேற" என்றார். எவ்வளவு கூர்மையான கண் என்று திரும்பும் வழியெல்லாம் நான் வியந்துகொண்டு வந்தேன்.

போன வருடம் டீச்சர் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. மகன் வந்துசேர மூன்று நாளாகும் என்பதால் ஆஸ்பத்திரியில் நான்தான் உடனிருந்தேன். இன்சூரன்ஸ் காகிதம் கேட்டார்கள். டீச்சர் வீட்டுச் சாவியைக் கொடுத்து, "பீரோவுல மேல்தட்டுல பச்சை ஃபைல். மேல்தட்டு மட்டும் பாருங்க போதும்" என்றார். வலியில் இருக்கிறவர் ஏன் அதை இரண்டு முறை சொன்னார் என்று அப்போது யோசிக்கவில்லை.

மேல்தட்டில் பச்சை ஃபைல் இல்லை. கீழ்த்தட்டில் புடவைகளுக்கு அடியில் கைவிட்டுத் துழாவினேன். பழைய துண்டில் சுற்றிய எதுவோ கையில் தட்டுப்பட்டது. பசுவின் வயிற்றுக்குள் கைவிட்டுக் கன்றின் தலை எது, கால் எது என்று பார்க்காமலே சொல்லிப் பழகிய கை என்னுடையது. துண்டுக்கு மேலாகவே குமிழ் தெரிந்தது. விரலை நகர்த்தினேன். ஓரத்தில் வெட்டு.

வெளியே எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே குனிந்து நின்றேன். பிறகு எடுத்துப் பிரித்தேன். துண்டுக்குள்ளே செய்தித்தாள். பழுப்பேறிய தாளில், பட்டுக்கோட்டைப் பக்கம் கஜா சாய்த்த தென்னைமரங்களின் படம். ஓடையும் மாடுகளும் மூடியைச் சுற்றி வளைந்து ஓடின. ஒரு கீறல்கூட இல்லை.

நாங்கள் தேடத் தொடங்கிய ஒரு வருடத்துக்குள் அது அவர் கைக்கு வந்திருக்கிறது. மீதி ஆறு வருடம் பீரோவில் அதை வைத்துக்கொண்டுதான் அவர் என் பின்னால் உட்கார்ந்து வந்திருக்கிறார்.

அதைச் சுற்றி, இருந்தபடியே வைத்தேன். ஃபைல் தையல் மெஷின் மேல் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்க் கொடுத்தேன். கஞ்சி ஊற்றிக் கொடுத்தேன். மகன் வரும்வரை அவர் முகத்தைப் பார்த்துப் பேசுவதைத் தவிர்த்தேன். வலியில் அவர் கவனித்திருக்க மாட்டார் என்று நினைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து அவர் வாக்கர் பிடித்து நடக்கத் தொடங்கியதும் ஒரு சாயங்காலம் போனேன். உட்காருவதற்கு முன்னாலேயே கேட்டுவிட்டேன்.

"கீழ்த்தட்டுல இருக்கற மூடி எப்ப கெடச்சுது டீச்சர்?"

வாக்கரை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "பாத்துட்டீங்கன்னு எனக்கு ஆஸ்பத்திரியிலயே தெரியும்."

"எப்ப கெடச்சுதுன்னு கேட்டேன்."

"புயலுக்குப் பள்ளிக்கூடம் லீவு விட்டாங்கள்ல, அப்ப. எங்க ஸ்கூல் பொண்ணு ஒருத்தியோட அம்மா சொல்லி நான் மட்டும் பஸ்ல குடவாசல் போனேன். உங்களுக்குக் குடுக்கத்தான் வாங்கினேன். சத்தியமா. வீட்டுக்கு வந்து கழுவி மேசையில வச்சேன். அப்பத்தான் மனசு மாறிடுச்சு."

"ஏன்?"

"அந்தப் பாத்திரத்தப் பத்தி உங்ககிட்ட சொன்னதே நான்தான். நன்னிலத்துல ஒரு வீட்டுல பெரிய சூப் பாத்திரம் இருக்காம், அடுத்த ஞாயித்துக்கிழமை போவோம்னு சொன்னேன். புதன்கிழமையே நீங்க எடுத்துட்டு வந்து நின்னீங்க. டீச்சர், நீங்க ஆறு மாசம் வச்சுக்குங்கன்னு ஒரு வார்த்தை சொல்லல."

எனக்கு அப்படி ஒரு பேச்சு நடந்ததாகவே நினைவில்லை. இப்போதும் இல்லை. பசுவைப் பார்க்கப் போன இடத்தில் தற்செயலாகக் கண்டேன் என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். அவர் சொல்வது உண்மையாக இருக்கலாம். ஆறு மாதக் கணக்கை அந்தப் பாத்திரத்துக்கு மட்டும் நான் பேசவில்லை என்பது நிச்சயமாக உண்மை. மூடி கிடைத்ததும் பேசிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

"கோவம்னா கேட்டிருக்கலாமே டீச்சர். சண்டை போட்டிருக்கலாமே. வீடு வீடா என்கூட வந்தீங்களே, அது எதுக்கு? அதிராம்பட்டினத்துல தரையில உக்காந்து ஒண்ணொண்ணா எடுத்துப் பாத்தீங்களே?"

டீச்சர் சொன்னார்: "கெடைக்காதுன்னு தெரிஞ்சதால நிம்மதியா வந்தேன்."

அவர் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை என்று நினைக்கிறேன். ஆனால் மூடியை ஒளித்து வைத்ததைவிட அந்த வாக்கியம்தான் எனக்குள் தங்கிவிட்டது. நான் வழிநெடுக ஏங்கிக்கொண்டு ஓட்டினேன். பின்னால் இருந்தவர் காற்று வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். வெயிலில் வண்டி பஞ்சராகித் தள்ளிக்கொண்டு போன நாட்கள், மழையில் நனைந்து யார் வீட்டு வாசலிலோ நின்று சிரித்த நாட்கள், ஒவ்வொன்றையும் எடுத்து இனிமேல் வேறு மாதிரி பார்க்க வேண்டியிருந்தது.

"எடுத்துட்டுப் போங்க டாக்டர். உங்களுதுதான்."

"வேணாங்க."

கிளம்பிவிட்டேன். வாசல்வரைக்கும் வாக்கர் தரையில் தட்டும் சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மூடி இன்னும் அவரிடம்தான் இருக்கிறது. பாத்திரம் என்னிடம். கிறிஸ்துமஸுக்கு அடுத்த வீட்டுக்காரர் மூலம் கேக் அனுப்பினார். அவர் கையால் செய்ததுதான், ருசியிலேயே தெரிந்தது. பொங்கலுக்கு நான் எதுவும் அனுப்பவில்லை. அனுப்பலாம் என்று கரும்பும் மஞ்சளும் தனியாக எடுத்துவைத்துவிட்டுக் கடைசியில் வேலைக்கார அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். என் கணவர், "ஒரு மூடிக்குப் போயா?" என்று கேட்டார். மூடிக்காக இல்லை என்று அவருக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

ஓய்வு பெற்ற பிறகும் தெரிந்தவர்கள் மாட்டுக்குக் கூப்பிட்டால் போகிறேன். சென்ற மாதம் குடவாசலில் ஒரு வீட்டில், நான் வந்திருப்பது தெரிந்ததும் வீட்டுக்கார அம்மா உள்ளேயிருந்து ஒரு சாசரைக் கொண்டுவந்து நீட்டினார். எனக்காகவே எடுத்துவைத்திருந்தாராம். திருப்பிப் பார்த்தேன். முத்திரை பாதி அழிந்திருந்தது. எந்தக் காலத்தது என்று எனக்குப் பிடிபடவில்லை.

"அந்த டீச்சரம்மா வரலீங்களா? அவங்க பாத்தா டக்குனு சொல்லிருவாங்களே."

"அவங்களுக்கு இடுப்பு முடியலைங்க. வண்டியில உக்கார முடியாது."

"அய்யோ பாவம். கேட்டேன்னு சொல்லுங்க. எவ்ளோ அன்னியோன்னியமா வருவீங்க ரெண்டு பேரும்."

"சொல்றேங்க" என்று சொல்லிவிட்டு, சாசரைப் பையில் வைத்துக்கொண்டு கொட்டகைக்குள் போனேன். சினைப்பசு ஒன்று இரண்டு நாளாகத் தீனி எடுக்காமல் படுத்திருந்தது.