மேல் லயத்துப் படிக்கு ஒரு கைப்பிடி

வயதானவர்களுக்காகப் பேசுவது என் தொழில், யாரிடம் பேசுவது என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை. ஹட்டனில் ஒரு சிறிய அமைப்பு. தேயிலைத் தோட்டம் தோட்டமாகப் போய் முதியவர்களின் தேவைகளைக் கேட்டு, சட்டமும் கொள்கையும் எழுதுகிறவர்கள் காதில் போட வேண்டும். கந்தோர் கந்தோராக, ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கி, கடைசியில் எதற்கு வந்தோம் என்பதே மறந்து நின்றவர்கள் இதைப் படித்தால் என் நிலைமை அவர்களுக்குப் புரியும்.

முதல் கூட்டம்

கொட்டகலைப் பக்கம் ஒரு தோட்டம். வேறு இடம் கிடைக்காததால் பெரட்டுக் களத்துக்கே எல்லோரையும் வரச் சொல்லியிருந்தேன். காலையில் தொழிலாளர்களை நிறுத்தி வேலை பிரித்துக் கொடுக்கிற இடம் அது. நான் நாற்காலிகளை வட்டமாகப் போட்டுக் காத்திருந்தேன். வந்தவர்கள் எல்லோரும் தோட்டத்துப் பதிவேட்டில் பேர் வெட்டி ஓய்வு கொடுத்துப் பல வருடமானவர்கள். ஒருவர்கூட உட்காரவில்லை. ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசையென்று தாங்களாகவே நின்றுகொண்டார்கள். சில பெண்கள் கொழுந்துக் கூடையோடு வந்திருந்தார்கள்.

"உங்களுக்கு என்ன தேவையோ தைரியமா சொல்லுங்க" என்றேன். முன்வரிசையில் நின்ற ராசம்மா என்ற அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அதெல்லாம் அப்புறம் பேசுவோம் தம்பி. இன்னைக்கு எங்களுக்கு எந்த மலையில கொழுந்து?" என்றார்.

யார் ஆள், யார் படி

ஒருவழியாக விளங்கவைத்த பிறகு ராசம்மா தன் தேவையைச் சொன்னார். அவர் வீடு மேல் லயத்தில், மேட்டில் வரிசையாகக் கட்டிய தொழிலாளர் வீடுகளில் ஒன்று. அங்கிருந்து ரோட்டுக்கு இறங்கச் செங்குத்தான, பாசி பிடித்த கல்படிகள். டிக்கோயா ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு மாதாமாதம் போய் பிரஷர் மாத்திரை எடுக்கிறவர், ஒரு மழை நாளில் சறுக்கி விழுந்திருக்கிறார். அதோடு கிளினிக் நின்றது, மாத்திரையும் நின்றது. படிக்கு ஒரு கைப்பிடி இருந்தால் பிடித்துக்கொண்டு இறங்கிவிடுவாராம்.

இவ்வளவுதானா என்று உற்சாகமாகத் தோட்டத்துப் பெரிய கிளாக்கரிடம் போனேன். "படி எங்களோடதுதாங்க. ஆனா பேர் வெட்டினவங்க இப்ப எங்க ஆளுங்க இல்லையே" என்றார். பிரதேச சபைக்கு ஓடினேன். அங்கிருந்த உறுப்பினர் டீ எல்லாம் வாங்கிக் கொடுத்து அன்பாகச் சொன்னார்: "ஆளுங்க எங்க ஆளுங்கதான், ஓட்டுப் போடுறாங்க. படிதான் எங்களோடது இல்ல."

கொள்கைக்குள் வந்த படி

முதியோர் கொள்கைக்குக் கருத்துக் கேட்கிறோம் என்று நுவரெலியாவில் ஒரு கூட்டம் வைத்தார்கள். திரையில் ஒரு பூங்காவில் வெள்ளைக்காரத் தாத்தா ஒருவர் சிரித்தபடி சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தார். நான் எழுந்து, எனக்குத் தெரிந்த சிங்களத்தில் ராசம்மாவின் படியைப் பற்றிச் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். தலையாட்டினால் சம்மதமா, அனுதாபமா, இல்லை தூக்கமா என்று எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை.

இடைவேளையில் தமிழ் தெரிந்த அதிகாரி ஒருவர் என் தோளைத் தட்டினார். "கவலையே படாதீங்க. கொள்கையில 'இலகுவான அணுகல்'னு ஒரு வரி போட்டிருக்கோம். உங்க படியும் அதுக்குள்ள வந்துட்டுது."

பெட்டிக்கு வழி

நடையாய் நடந்ததில், கைப்பிடிக்கு இரும்புக் குழாய் தருவதாகச் சபை ஒப்புக்கொண்டது. தடுக்காமல் இருப்பதாகத் தோட்டம் ஒப்புக்கொண்டது. வேலையைத் தொடங்கப் போன அன்று மேல் லயத்து ஆட்களே வழிமறித்து நின்றார்கள். அவர்களில் பாதிப் பேர் நான் யாருக்காக அலைந்தேனோ அந்தக் கிழவர்கள்.

விஷயம் இதுதான். மேல் லயத்தில் யார் இறந்தாலும் சவப்பெட்டியைத் தோளில் வைத்து அந்தப் படிவழியாகத்தான் இறக்குவார்கள். இருக்கிற அகலமே தூக்குகிறவர்களுக்குப் போதாது. லயத்திலேயே மூத்தவரான சன்னாசி ஐயா கோபமாகவே கேட்டார்: "கம்பி போட்டா பெட்டி எப்படி சார் எறங்கும்? நீங்க உசுரோட இருக்கிறவங்கள மட்டுந்தான் பாக்குறீங்க."

உருவி எடுக்கிற கம்பி

ஹட்டனில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும், எல்லோரும் 'நானா' என்று கூப்பிடுகிற முஸ்லிம் அண்ணன் ஒருவர்தான் வழி சொன்னார். படியோரத்துக் குழிக்குள் செருகி நிற்கிற மாதிரி கம்பி, சாவு விழுந்தால் உருவி வைத்துவிடலாம். எல்லோருக்கும் திருப்தி. ராசம்மா அதைப் பிடித்துக்கொண்டு கிளினிக் போய் மாத்திரையோடு திரும்பி வந்த நாளில், நான் சம்பளம் வாங்குவதில் ஏதோ நியாயம் இருக்கிறது என்று நினைத்தேன்.

அடுத்த கிளினிக்குக்கு முன்பே லயத்தில் ஒரு சாவு. கம்பியை உருவினார்கள். பெட்டி இறங்கியது. திரும்ப நடச் சொன்னால் ஒருவரும் தொடவில்லை. சாவுக்காக எடுத்ததைக் கருமாதி முடியாமல் நட்டால் ஆகாதாம். கிளினிக் நாளோ கருமாதிக்கு முன்னால் வந்தது. மறுபடி மாத்திரை நின்றுவிடுமே என்ற பயத்தில் காலையிலேயே ஓடினேன்.

படியடியில் போய் நின்று அண்ணாந்து பார்த்தேன். நான்கு இளவட்டங்கள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தோளில் சுமந்து பக்குவமாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். அதன்மேல் ராசம்மா, ஒரு கையில் கிளினிக் கொப்பி, ஒரு கையில் குடை. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. கீழே இறக்கிவிட்டதும் சேலையைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "என்ன தம்பி முழிக்கிறீங்க? எப்படியும் ஒரு நாள் இப்படித்தானே எறங்கணும், இப்பவே ஒரு தடவ வழியப் பாத்துக்கிட்டேன்."

முதியவர்கள் தாங்களாகவே சமாளித்து முடித்த ஒன்றுக்கு, பிறகு போய் 'இலகுவான அணுகல்' மாதிரி நல்ல பெயராக ஒன்று வைப்பதுதான் என் தொழில் போலிருக்கிறது.