டைப் டீச்சர் கேட்ட கையெழுத்து

"...நான் சொல்லியா அவுக குடிச்சாக? நான் சொல்லியா நிப்பாட்டுனாக? அப்புறம் நடுவுல என்னைய எதுக்கு இழுக்கிய?" என்று டைப் டீச்சர் கேட்டது, கூட்டாளிக்காகப் பெண் கேட்டுப் போயிருந்த எங்கள் நாலு பேரிடம். நாலு பேர் என்றால் என் கூட்டாளியின் அம்மா, அவன் தாய்மாமன், அவனும் நானும் துணி கிழித்துக்கொண்டிருந்த ஜவுளிக்கடையின் முதலாளி, அப்புறம் நான். நன்றாகப் பேசுவான் என்று என்னைக் கூட்டிப் போயிருந்தார்கள். எண்பதுகளின் தொடக்கம் அது. சங்கரன்கோவிலில் எங்கள் கடை மாடியில், ஆறு டைப் மெஷினை வைத்துக்கொண்டு தனியாளாக இன்ஸ்டிட்யூட் நடத்திவந்தார் டீச்சர்.

கூட்டாளி அவரை விரும்பினான். நேரிலேயே கேட்டான். "எனக்கு அப்படி எண்ணமே இல்ல" என்று அவரும் நேரிலேயே சொல்லிவிட்டார். அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அவர் மனசு மாறட்டும் என்று இவன் குடியை விட்டான். ஆடித் தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறியதும் கோயிலைச் சுற்றத் தொடங்கினான். ஆடிச்சுற்று ஊரே சுற்றுவதுதான். அவரவர் வேண்டுதல் அவரவர் மனசோடு இருக்கும். இவனுடைய நூற்றெட்டுச் சுற்றும் யாருக்காக என்பதைக் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னது நான்தான். சேலையை விரித்துப் போட்டுப் பேசி விற்கிற வாய், அதையும் விரித்தது. வீங்கிய காலோடு அவன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்த பெண்கள், மாடியை அண்ணாந்து பார்த்து, "ஏட்டி, இதுக்கு மேல ஒரு ஆம்பள என்னதான் செய்வான்? அவளுக்கு இருக்கது மனசா, ஆட்டுக்கல்லா?" என்றார்கள். அவன் திருந்தியது நல்லதுதான், யார் இல்லை என்றது? ஒருவன் தன் ஈரலைக் காப்பாற்றிக்கொண்டதற்கு இன்னொருத்தி ஏன் கழுத்தை நீட்ட வேண்டும்?

நீட்டவில்லை என்றதும், கல்நெஞ்சுக்காரியிடம் பிள்ளைகளுக்கு என்ன படிப்பு என்று அனுப்புவதை நிறுத்தினார்கள். நாலு மெஷின் உறை கழற்றாமலே கிடந்தது. கடைசியில் மாடியைக் காலி செய்துவிட்டுக் கடையநல்லூர்ப் பக்கம் போய்விட்டார். கூட்டாளியோ மறுவருஷமே வாசுதேவநல்லூரில் பெண் எடுத்தான், பிறகும் குடிக்கவில்லை. போன மாதம் ஒரு கல்யாண வீட்டில், "அண்ணாச்சி ஒரு பொம்பளைக்காகத் திருந்துனவருல்லா. அவதான் குடுத்துவைக்காதவ" என்று பந்தியில் பெருமை பேசினார்கள்.  பிழைப்பை விட்டுப் போனவரைப் பற்றி ஒருவர் பேச வேண்டுமே!

அன்றைக்கு மாடியில் நான் பேசியதும் இந்த லட்சணம்தான். "டீச்சர், நீங்க மாட்டேன்னா அவன் திரும்பக் குடிப்பான், அந்தப் பாவம் உங்களுக்குத்தான். கட்டிக்கிட்டா தொடவே மாட்டான். நாங்க பொறுப்பு" என்றேன். அதற்குத்தான், 'நான் சொல்லியா' என்ற அந்தக் கேள்வி. கேட்ட கையோடு டீச்சர் மெஷின் பக்கம் திரும்பினார். இரண்டு தாளுக்கு நடுவே கார்பன் வைத்துத் தமிழ் மெஷினில் சுருட்டினார். 'கல்யாணத்துக்குப் பிறகு இவர் குடித்தால் நாங்கள் பொறுப்பு' என்று அடித்தார். கீழே கையெழுத்துக்கு நாலு புள்ளிக்கோடு போட்டார். தாளை உருவி, பேனா மூடியைக் கழற்றி, தாளையும் பேனாவையும் என் பக்கம் திருப்பி வைத்தார்.