பாவாயம்மாள் செய்த சல்லடை எந்திரம்

சூரமங்கலத்தில் மகள் பிரசவத்துக்காக வந்து தங்கியிருந்தேன். முற்பகல் ரயிலில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் வந்து இறங்கினார். வீட்டுக்குள் வராமல் வாசலில் நின்றபடியே சொன்னார்.

"அம்மணி, உங்க ஊட்டுல ஒண்டியிருந்த பெரியம்மா இன்னிக்கு வெடியால நேரத்துல தவறிட்டாங்க."

எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. "ஆரு ஒண்டியிருந்தது?" என்று கேட்டேன். அந்த மனிதர் பயந்துபோய்த் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஊரே அப்படித்தான் பேசும். அப்படிப் பேச விட்டவர்கள் நாங்கள்.

நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். என்னைவிட அதிகம் படித்த ஆண்கள் எங்கள் வீட்டில் மூன்று பேர் உண்டு. அவர்கள் எழுதினால் இந்த விஷயம் வராது. அதனால் நான் எழுதுகிறேன்.

பாவாயம்மாள் என் வீட்டுக்காரரின் அக்கா. எங்கள் பக்கத்தில் நங்கையா என்று கூப்பிடுவோம். கல்யாணமாகி இரண்டாம் வருசமே தாலியை இழந்து, வெள்ளைச் சேலையோடு பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவர். நான் மருமகளாக வந்தபோது அவருக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. அன்றைக்கே தோட்டத்து வேலையில் பாதி அவர் தலையில்தான் இருந்தது.

திருச்செங்கோட்டுப் பக்கத்து மண்ணைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஒரு கூடை மண் அள்ளினால் கால் கூடை சுக்காங்கல். மிளகாய்க்கும் புகையிலைக்கும் நாற்று விட வேண்டுமென்றால், பாத்திக்கு மேல்மண்ணைச் சலித்துத்தான் போட வேண்டும். கல் இருந்தால் வேர் கோணிக்கொள்ளும். அந்தச் சலிப்பு பெண்களின் வேலை. மூங்கில் சல்லடையைப் பிடித்துக் குத்தவைத்து, நாள் முழுக்க ஆட்ட வேண்டும். சாயங்காலம் எழுந்தால் இடுப்பு நிமிராது. ஆண்கள் வந்து, "இவ்வளவுதானா?" என்பார்கள்.

மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த சமயம் அது. ஒருநாள் நங்கையா ஆட்டிக்கொண்டிருந்த சல்லடையைக் கீழே வைத்துவிட்டுக் கிணற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு மாடுகள் சரிவில் இறங்கிக் கயிற்றை இழுக்க, சால் நிறையத் தண்ணீர் மேலே வந்தது. கயிறு ஓட ஓட, கிணற்று மேலிருந்த உருளை சுற்றிக்கொண்டிருந்தது.

"ஏ புள்ள, அந்த உருளையப் பாரு. சும்மாதானே சுத்துது?"

"அதுக்கென்னங்க நங்கையா?"

"மாடு தண்ணிக்கு நடக்கற நடையிலயே மண்ணும் சலிச்சா, மாட்டுக்கு என்ன கொறைஞ்சு போச்சு?"

உருளையின் அச்சு முனையில் மாட்ட, முழங்கை மாதிரி மடங்கிய கம்பி ஒன்று அடித்துத் தரச் சொல்லி ஆசாரியிடம் போனார். நானும் கூடப் போனேன். "ஏனுங்கம்மா, இது என்ன, கோழி புடிக்கறதுங்களா?" என்றார் ஆசாரி. "ஆமா, உன்ற ஊட்டுக் கோழியத்தான். மொதல்ல அடி" என்றார் நங்கையா.

மண்ணெண்ணெய் டின்களை வெட்டித் தட்டையாக்கி, ஆணியால் ஓட்டை போட்டார். எத்தனை நாள் அடித்தார் என்று கணக்கில்லை. மரச்சட்டத்தில் அந்தத் தகரத்தை அடித்து, நான்கு கயிற்றில் சாய்வாகத் தொங்கவிட்டு, கம்பியோடு சேர்த்துக் கட்டினார். முதல் நாள் மண் எல்லாம் கிணற்றுக்குள் விழுந்தது. என் வீட்டுக்காரர், "கெணத்தத் தூர்க்கறதுக்கா பொறந்த ஊட்டுக்கு வந்தே?" என்று கத்தினார். நங்கையா அச்சை நீட்டிச் சட்டத்தைக் கிணற்றைவிட்டுத் தள்ளி வைத்தார். அடுத்து, தகரத்தில் ஆணி வெளிவந்த சொரசொரப்புப் பக்கம் மேலே இருந்ததால் வேரும் சருகும் மாட்டிக்கொண்டு அடைத்தன. தகரத்தைத் திருப்பிப் போட்டார். அதன்பிறகு ஒருநாள், மாடு இறங்கும்போதும் ஏறும்போதும் சட்டம் கடகடவென்று ஆட, பொடிமண் கீழே கொட்டியது, கல் முன்பக்கமாக உருண்டு ஓடியது. நாங்கள் நான்கு பெண்கள் ஒரு வாரம் சலிப்பதை அது ஒரு நாளில் சலித்தது.

செய்தி பரவி, சேலத்திலிருந்து விவசாய அதிகாரி ஒருவர் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார். அப்போதுதான் நாங்கள் எங்கள் புத்தியைக் காட்டினோம்.

"நல்ல காரியமா வாராங்க. அக்கா எதுர்ல வர வேண்டாம்னு சொல்லிரு" என்றார் என் வீட்டுக்காரர். வெள்ளைச் சேலை எதிரே வந்தால் சகுனம் ஆகாதாம். அதை நங்கையாவிடம் போய்ச் சொன்னவள் நான்தான். வைக்கோல் போருக்குப் பின்னால் இருக்கச் சொன்னேன். அவர் என்னை ஒரு முறை பார்த்தார்.

"செரி. அச்சுக்கு எண்ணெய் உடச் சொல்லு. மறந்துருவாங்க."

மறந்துவிட்டோம். எண்ணெய்க்குப் பதிலாக நான் எந்திரத்துக்குப் பூசை போட்டேன். சந்தனம், குங்குமம், உருளை அச்சுக்கு நீளமாக ஓர் அரளி மாலை. சுமங்கலி கையால் ஆகட்டும் என்று எல்லோரும் சொல்ல, எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அதிகாரி வந்தார். மாடு இரண்டு நடை இறங்கியது. மாலை அச்சில் சுற்றிக்கொண்டு, நார் இறுகி, உருளை நின்றுபோனது. என் வீட்டுக்காரர் மாட்டை அடித்தார். மாடு என்ன செய்யும்? அதிகாரி நோட்டுப் புத்தகத்தை மூடப் போனார்.

வைக்கோல் போருக்குப் பின்னாலிருந்து நங்கையா வந்தார். யாரையும் பார்க்கவில்லை. "மாட்ட அடிக்காதெ" என்றார். அரிவாளால் நாரை அறுத்தார். விளக்கெண்ணெயை அச்சில் விட்டார். மாட்டின் கழுத்தைத் தட்டினார். சட்டம் ஆடியது, மண் கொட்டியது.

அதிகாரி கேட்டார்: "இவங்க யாருங்க?"

"எங்கக்காங்க. நான் சொல்லிக் குடுத்ததுல கொஞ்சம் பழகிட்டாங்க."

அதிகாரி என்னைத் திரும்பிப் பார்த்தார். "அப்படியாம்மா?"

நான் தலையை ஆட்டினேன். அவர் என் வீட்டுக்காரரின் பெயரை எழுதிக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலம் நங்கையாவிடம் கேட்டேன், "நீங்களே சொல்லியிருக்கலாமுங்களே?" அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"நான் எதுக்குச் சொல்லோணும்? கூட இருந்து பாத்தவ நீ. நீ சொல்லியிருக்கோணும்."

அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் பேசியதே இல்லை. தகரம் தேய்ந்தபோதெல்லாம் புதிதாக அடித்தார். அக்கம்பக்கத் தோட்டங்களில் அதேபோலச் செய்துகொண்டவர்கள் என் வீட்டுக்காரரிடம்தான் யோசனை கேட்க வருவார்கள். அவர் உள்ளே வந்து அக்காவிடம் கேட்டு, வெளியே போய்ச் சொல்வார். சண்டை வந்து, சண்டை முடிந்து, இத்தனை காலம் அப்படியே ஓடியது. நான் வாயைத் திறக்கவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. எங்கள் வழக்கப்படி தோட்டத்து மூலையில் குழி தோண்டியிருந்தார்கள். தோண்டிப் போட்ட மண் முழுக்கச் சுக்காங்கல். கூட்டத்தில் ஒரு பெரியவர், "தம்பி நல்லவன். கடைசி வரைக்கும் கஞ்சி ஊத்துனான்" என்றார்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"மாட்டப் பூட்டுங்க" என்றேன். "அந்த மண்ணு அத்தனையும் சலிச்சாகோணும்."

"எழவு ஊட்டுல மாடு பூட்டுவாங்களா? கிறுக்குப் புடிச்சுதா உனக்கு?" என்றார் என் வீட்டுக்காரர்.

"பூட்டோணும். அந்த எந்திரத்தச் செஞ்சது நீங்க இல்ல, நங்கையா. அதிகாரி கேட்டப்ப நானும் பொய்க்குத் தலையாட்டுனேன். இந்தத் தோட்டத்து நாத்து எல்லாம் அவங்க சலிச்ச மண்ணுல மொளச்சுது. நீங்க அவங்களுக்குக் கஞ்சி ஊத்துனீங்களா, அவங்க உங்களுக்கு ஊத்துனாங்களா?"

நூறு பேர் இருந்திருப்பார்கள். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்தபடி போய் மாட்டை அவிழ்த்துக்கொண்டு வந்தார். அவர் ஓட்டினார். நான் கூடையில் மண்ணை அள்ளிக் கொட்டினேன். இருட்டும் மட்டும் சட்டம் ஆடிக்கொண்டிருந்தது.

இதை எழுதும்போதும் என் கோபம் அடங்கவில்லை. அதில் பாதி என்மேல்தான்.

நங்கையா, போய் வாருங்கள். உங்கள் மேல் போட்ட மண்ணை ஒவ்வொரு கூடையாக நான் கைவிட்டுத் துழாவிப் பார்த்தேன். ஒரு கல் இல்லை.