மெரில் ஆன்ட்டியின் சரிவு

டார்சி சித்தப்பாவுக்கு அறுபது வயதுக்கு மேல் பொறாமை வந்தது. அதுவும் ஒரு சின்ன டிராக்டரால்.

ஹுவான் ஆற்றங்கரை மேட்டில் மெரில் ஆன்ட்டியின் ஆப்பிள் தோட்டம். அவர் கணவர் இறந்த பிறகு, ஒவ்வொரு வருஷமும் காட்டுத்தீக் காலத்துக்கு முன்னால் தோட்டத்துக்குப் பின்புறச் சரிவில் புல் வெட்டிக் கொடுப்பது சித்தப்பாதான். கூலி கிடையாது. வேலை முடிந்ததும் ஆன்ட்டியின் சமையலறையில் ஸ்கோன் ரொட்டி, ராஸ்பெரி ஜாம், மத்தியானம் வரை பேச்சு. வருஷத்தில் அந்த ஒரு நாளுக்குத்தான் சித்தப்பா ஒழுங்காகச் சவரம் செய்வார்.

இந்த வருஷம் நெவில் வந்து சேர்ந்தார். ஹோபார்ட்டில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்று, பக்கத்து நிலத்தை வாங்கியவர். அவருடைய புது டிராக்டரில் இருக்கைக்குப் பின்னால் ஓர் இரும்பு வளைவு நிமிர்ந்து நிற்கும். வண்டி கவிழ்ந்தாலும் ஆளை நசுக்க விடாது. பெல்ட் போடாமல் சாவியைத் திருப்ப மாட்டார்.

"தள்ளுவண்டியில கட்டி வச்ச பாப்பா மாதிரி இருக்கான் பாரு," என்று சித்தப்பா வேலியோரம் நின்று சொல்வார். சொல்லிவிட்டு நகரவும் மாட்டார். நெவிலைப் பார்த்து ஆன்ட்டி கையசைத்தாரா, எவ்வளவு நேரம் அசைத்தார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

சனிக்கிழமை நெவில் அந்தச் சரிவில் வெட்டப்போவதாகக் கடையில் பேச்சு. வெள்ளிக்கிழமை காலையே சித்தப்பா சவரம் செய்துகொண்டு தன் பழைய டிராக்டரில் கிளம்பிவிட்டார். நான் பின்னால் நடந்தேன். புல்லில் மழை ஈரம் காயவில்லை.

ஆன்ட்டி கேட்டைத் திறக்கவில்லை. வெளியே வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். சித்தப்பாவின் வண்டியிலும் வளைவு உண்டு. பின்பக்கம் மடிந்து கிடந்தது.

"அதை நிமித்து, டார்சி."

"உன் ஆப்பிள் கிளைக்கு அடியில நுழையத்தானே மடக்கினேன்."

"சரிவுல ஏது மரம்?"

சித்தப்பா இறங்கி இழுத்துப் பார்த்தார். மடக்கிய இடத்தில் பூட்டு ஆணி துருவேறி இறுகியிருந்தது. உதைத்தார். இத்தனை வருஷத்தில் ஒரு தடவையாவது கவிழ்ந்திருக்கிறேனா என்று கேட்டார்.

"கவிழ்ந்திருந்தா இங்க நின்னு கேட்டிருக்க மாட்ட," என்றார் ஆன்ட்டி. பிறகு குரலைத் தாழ்த்தி, "நாளைக்குப் புல் காயட்டும், நெவில் வெட்டட்டும். நீ டீக்கு வா."

போகவே மாட்டேன் என்று ராத்திரி முழுக்கச் சொன்னவர் காலையில் மறுபடி சவரம் செய்தார். ஆன்ட்டியின் சமையலறையில் ஜன்னலோர நாற்காலி அவருக்கு. வெளியே நெவில், வண்டி கவிழாதபடி சரிவின் குறுக்கே போகாமல், நேராக ஏறுவதும் இறங்குவதுமாக வெட்டிக்கொண்டிருந்தார். சித்தப்பாவின் டீயில் ஆடை கட்டியது.

"கீழே ஓடைக்கரையில ஒரு பட்டை புல்லை அப்படியே விட்டுட்டான்," என்றார் திடீரென்று, முகம் மலர்ந்து.

"நான்தான் விடச் சொன்னேன். கரை சரியும், வண்டி போகக்கூடாது. கை மிஷின்லதான் வெட்டணும்."

"என்கிட்ட இருக்கு."

"நெவில்கிட்டயும் இருக்காம்." ஆன்ட்டி கோப்பையைத் துடைத்து அலமாரியில் வைத்தார். "சரி, நீதான் முதல்ல சொன்ன, நீயே வெட்டு."

சித்தப்பா ஸ்கோன் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நெவில் கை கழுவி உள்ளே வந்தபோது அதில் ஒன்றுதான் மிச்சமிருந்தது.