வாசலில் கட்டிய சிவப்பு இலைகள்

எங்கள் பக்கத்தில் இலையுதிர் காலம் கிடையாது. வெயில், பிறகு மழை, பிறகு வெள்ளம். ஆனால் வாவிக்கரையில் நிற்கும் வாதுமை மரத்துக்கு அது தெரியாது. அதுபாட்டுக்குச் சிவந்து கொட்டும். வெளிநாட்டுப் பிள்ளைகள் உதிர்ந்த இலைகளில் தோரணம் செய்வதைப் பள்ளிக்கூடத்தில் சித்திர ரீச்சர் காட்டியதிலிருந்து என் மகள் அந்த மரத்தடியிலேயே குடியிருந்தாள்.

அப்போது அவளுக்கு எட்டு வயது. என் கணவர் வேலைக்கென்று கட்டாருக்குப் போனபோது ஐந்து. அப்பா என்றால் அவளுக்கு ஃபோனில் தெரியும் முகம், அதுவும் பாதி நேரம் அசையாமல் நின்றுபோகும் முகம். அவர் லீவில் வருகிறார் என்றதும், அவர் பார்க்காமல் விட்டதையெல்லாம் இலைகளில் எழுதிக் காட்டப்போவதாகச் சொன்னாள். அப்பாவிடம் மூச்சு விடக்கூடாது என்று என்னிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டாள்.

ஒரு மாதம் வீட்டில் வேறு வேலை நடக்கவில்லை. இலைகளைப் பேப்பருக்குள் வைத்து அரிசி மூட்டையின் கீழ் நசுக்கினோம். நொறுங்காமல் இருக்கப் பசையைத் தண்ணீரில் கரைத்துப் பூசினோம். காய்ந்தபின் வெள்ளைப் பெயின்ற்றால் ஒவ்வொன்றிலும் எழுதினாள். பல்லு விழுந்தது. சைக்கிள் ஓடினேன். வெள்ளம் வந்து மண்டூர் மாமா வீட்டில் படுத்தோம். ஓர் இலையில் நான் அழுததையும் எழுதியிருந்தாள். அதை எடுத்துவிடு என்றேன். மாட்டேன் என்றாள்.

அவர் வருவதற்கு முதல்நாள் பழுகாமத்திலிருந்து மாமி, அதாவது அவருடைய தாய், வந்தார். வாசலைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"என்ன புள்ள இது? மாவிலை கட்டுற வாசல்ல சருகைக் கட்டியிருக்காய்? ஆளில்லாத வீடு மாதிரிக் கிடக்கு."

"புள்ள ஆசைப்பட்டுக் கட்டினது மாமி. கிடக்கட்டும்."

எங்கள் வழக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். இதுவும் எனக்குச் சீதனமாக வந்த வீடு. என் வாசலில் எதைக் கட்டுவதென்று நானே தீர்மானிக்கலாம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். என்ன மடத்தனம்!

காலையில் அவரை ஏற்றிக்கொண்டு வான் வந்து நின்றது. மகள் கதவுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவர் பெட்டியைத் தோளில் வைத்தபடி நுழைந்தார். இலைகள் முகத்தில் உரசின. "என்ன குப்பை இது" என்று ஒரே இழுவையில் அறுத்துப் போட்டார். மாமி, இதற்கென்றே காத்திருந்தவர் போல, விளக்குமாற்றோடு வந்தார். நான் ஓடிப்போய்த் தடுத்திருக்கலாம். மூன்று வருசத்துக்குப் பிறகு அவரைப் பார்த்த சந்தோசத்தில் மரம்போல நின்றேன். அதற்காக என்னை இன்னும் நான் மன்னிக்கவில்லை.

அவர் பெட்டியைத் திறந்து முதலில் எடுத்தது ஒரு பிளாஸ்ரிக் தோரணம். மஞ்சளும் சிவப்புமாக வெளிநாட்டு இலைகள்.

"இலையோட விளையாடுறாளெண்டு நீ ஃபோனில சொன்னாய்தானே. இது உதிராது. கழுவவும் ஏலும்."

அதே ஆணியில் அவரே கட்டினார். மகள் நன்றி சொன்னாள்.

பின்னேரம் விசயத்தைச் சொன்னேன். "எழுதியிருந்ததா? ஒரு ஃபோட்டோ எடுத்து அனுப்பியிருக்கலாமே" என்றார். சொல்லிவிட்டு வளவெல்லாம் தேடினார். மாமி எல்லாவற்றையும் கூட்டி எரித்து முடித்திருந்தார். என் கணவர் கெட்டவர் இல்லை. எனக்கு எரிச்சலே அதுதான். கெட்டவராக இருந்தால் ஒரு சண்டையோடு மனம் ஆறியிருக்கும்.

லீவு முடிந்து போகிற அன்று, வானில் ஏறுமுன் மகளுக்கு முன்னால் குந்தினார்.

"அடுத்த முறை அப்பா வரக்குள்ள என்ன செஞ்சு வைப்பாய்?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை. யோசித்து, மரியாதையாகத்தான் சொன்னாள்.

"ஒண்டும் இல்ல அப்பா. அங்க கடையில எல்லாம் இருக்குத்தானே."

அவர் அதைப் பகிடியென்று நினைத்துச் சிரித்துக்கொண்டே வானில் ஏறினார்.