குங்குமம் ஒட்டிய இடம்

ஜவ்வாது மலைமேல் ஏசி இல்லாமல் அவதிப்பட்ட ஒரே ஒரு மனிதரை எனக்குத் தெரியும். அவர் அதிகாரி. மலையின் முன்னேற்றம் அவர் பொறுப்பில் இருந்தது. கழுத்தில் மப்ளர், காதில் பஞ்சு, இவற்றோடு காரில் ஏசியும் ஓட வேண்டும் அவருக்கு.

எண்பதுகளின் தொடக்கம் அது. அம்பாசிடர் காரில் ஏசி என்றால், டேஷ்போர்டுக்கு அடியில் தனியாகத் தொங்கும் ஒரு பெட்டி. வேலூரில் என்னைப் போன்ற பிரிட்ஜ் மெக்கானிக்குகள்தான் அதற்கும் வைத்தியம் பார்ப்போம். குளிரூரில் இதெல்லாம் எதற்கு என்று அவருடைய டிரைவரிடம் ஒருமுறை கேட்டேன்.

"ஏசி ஓடுனாதாங்க கண்ணாடிய ஏத்தலாம். கண்ணாடி ஏறுனா மனு உள்ள வராது" என்றார்.

சாமை விளைவிக்கிறவர்களும் புளி உலுக்குகிறவர்களும் ரோடு கேட்டு நீட்டுகிற காகிதம் கண்ணாடியில் முட்டிக்கொண்டு வெளியேயே நின்றுவிடுமாம். அன்றிலிருந்து அந்தப் பெட்டியின் மேல் எனக்குத் தனி மரியாதை.

அந்த மரியாதைக்குரிய பெட்டி நான்கு மாதத்தில் இரண்டு முறை குளிரை நிறுத்தியது. இரண்டு முறையும் கார் என் கடைக்கு வந்தது. இரண்டு முறையும் நான் குளிரவைக்கும் கேஸை நிரப்பி அனுப்பினேன். கேஸ் எங்கே போயிற்று என்று தேடவே இல்லை. தேடுவது அரைநாள் வேலை, நிரப்புவது அரைமணி வேலை. எங்கள் தொழிலில் பாதிப் பேர் இப்படித்தான். மீதிப் பாதி ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

மூன்றாவது முறை காரை அனுப்பவில்லை, என்னையே மேலே வரச் சொல்லி ஆள் வந்தது. கேஸ் சிலிண்டர், ஊதுவிளக்கு, காற்றை உறிஞ்சி எடுக்க ஒரு பழைய பிரிட்ஜ் கம்பிரசர் என்று மூட்டை கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். கண்ணமங்கலத்தில் கண்டக்டர் சிலிண்டரைப் பார்த்துவிட்டார்.

"இன்னாங்க இது? வெடிக்குமா?"

"வெடிக்காதுங்க. குளிரும்."

"அப்ப பின்னாடி வையுங்க" என்று, ஏதோ வெடித்தாலும் பின்சீட்டுக்காரர்கள் மட்டும்தான் போவார்கள் என்பது போல நிம்மதியாகச் சொன்னார்.

பயணியர் விடுதி வாசலில் காரும் டிரைவரும் நின்றார்கள். காரை விட டிரைவரின் நிலைமை மோசம். ஆறு வருடமாகத் தற்காலிக வேலை. அவரை நிரந்தரமாக்கும் ஃபைல் அதிகாரியின் மேஜைக்கு வந்து, ஒரு கையெழுத்துக்காகக் கிடந்தது.

"நாளைக்குக் காலைல மெட்ராஸ்லேந்து பெரிய சார் வர்றாரு. இந்தக் கார்லதான் மலைய சுத்திப் பாக்கறாரு. ஏசி ஜில்லுனு இல்லன்னா ஃபைல தூக்கிப் பரண்ல போட்ருவேன்னு சொல்லிட்டாருங்க. ரெண்டு பொண்ணுங்க வச்சிக்கினு இருக்கேன்" என்றார். நான் இரண்டு முறை சோம்பியதன் பலன் இவர் தலையில் விடிந்திருக்கிறதே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

கொஞ்சம் கேஸ் ஏற்றி, கசிவு பார்க்கும் விளக்கைக் கொளுத்தினேன். கசிகிற இடத்தில் அதன் சுடர் பச்சையாக மாறும். மாற வேண்டுமானால் முதலில் எரிய வேண்டும். மலைக்காற்று ஐந்து முறை அதை அணைத்தது. சோப்புத் தண்ணீர் போட்டுக் குமிழி பார்க்கலாம் என்றால் சோப்பு எடுத்துவர மறந்திருந்தேன். விடுதிக் காவல்காரரின் மனைவி பூந்திக்கொட்டையை ஊறவைத்து நுரை அடித்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டுக் கேட்டார்:

"வெளியில இவ்ளோ காத்து அடிக்குது. உள்ள காத்துக்கு இம்மாம் பாடா?"

நுரையைத் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு இணைப்பாகத் தடவினேன். கம்பிரசரில் குமிழி இல்லை. ரப்பர் குழாயில் இல்லை. பெட்டிக்குள் இல்லை. மத்தியானம் தாண்டிவிட்டது. மீதி இருந்தது ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கண்டன்சர் என்ற குழாய் வரிசை மட்டும்தான். அதைத் தொட வேண்டுமானால் கிரில்லில் கட்டியிருந்த திருஷ்டி எலுமிச்சம்பழங்களைக் கழற்ற வேண்டும்.

"அத்த மட்டும் அவுக்காதீங்க" என்று டிரைவர் குறுக்கே வந்தார். "சார் வூட்டம்மா கட்டச் சொன்னது. கார் மேல ஊர்க் கண்ணு. மொத தடவ ஏசி நின்னப்புறம் ரெண்டு பழம் ஆக்கினேன். ரெண்டாவது தடவ நின்னப்புறம் மூணு."

"இன்னொரு தடவை நின்னா?"

"அஞ்சு ஆக்கலாம்னு இருந்தேங்க."

பழங்களைத் தூக்கிப் பார்த்தேன். நூலில் கட்டினால் மலை ரோட்டில் நிற்காது என்று கட்டுக்கம்பியால் கட்டியிருந்தார். கிரில்லும் போதாது என்று கம்பியை உள்ளே விட்டு, கண்டன்சரின் செம்புக் குழாயைச் சுற்றி இறுக்கியிருந்தார். வண்டி குலுங்கக் குலுங்கக் கம்பி ரம்பமாகிக் குழாயை அறுத்துக்கொண்டே வந்திருக்கிறது. அந்த இடத்தில் எண்ணெய் கசிந்து, அதில் பழத்துக்கு வைத்த குங்குமம் கெட்டியாக ஒட்டியிருந்தது. நுரை வைத்தேன். பொட்டுப் பொட்டாகக் குமிழி.

கேஸோடு எண்ணெயும் வெளியேறும், எண்ணெய்க் கறை இருக்கிற இடத்தில்தான் ஓட்டை இருக்கும் என்பது இந்தத் தொழிலில் அரிச்சுவடி. இதே கறையை என் கடையிலும் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். பூஜை எண்ணெய் என்று நினைத்து, தொட்டுக் கண்ணில் வேறு ஒற்றிக்கொண்டேன்!

டிரைவருக்குக் காட்டினேன். குனிந்து விரலால் தடவிப் பார்த்தார்.

"பழம் இருக்கவேதான் ஓட்ட இத்தோட நின்னுச்சுங்க. இல்லாட்டி இன்னும் பெருசா ஆயிருக்கும்" என்றார்.

மீதிக் கேஸை வெளியேற்றி, கிரில்லைக் கழற்றி, வெள்ளிக் கம்பியை உருக்கி ஓட்டையை அடைத்தேன். காற்றை உறிஞ்சி எடுத்துக் கேஸ் நிரப்பினேன். பொழுது சாயும்போது பெட்டியிலிருந்து குளிர் வந்தது. டிரைவர் அதன் முன்னால் கையை நீட்டியபடி அழுதார். பழங்களைப் பம்பரில் நூலால் கட்டினோம்.

அதிகாரி மப்ளரோடு வந்தார். "எதனால ரிப்பேர் ஆச்சு?" என்றார்.

டிரைவர் என்னைப் பார்த்தார். எலுமிச்சம்பழம் என்றால் பழி கட்டச் சொன்ன அம்மாவுக்குப் போகாது, கம்பிக்குப் போகும், கம்பி கட்டின கைக்குப் போகும்.

"ரோடு குலுக்கல் சார்" என்றேன்.

"ரோட்டுக்கு என்ன? போன மாசம்தான் நல்லா இருக்குன்னு நானே எழுதி அனுப்பியிருக்கேன்."

அவர் கையெழுத்துப் போட்ட பிறகு ரோட்டைக் குறை சொல்ல ரோட்டுக்கே உரிமை கிடையாது. மிச்சம் இருந்தது நான்தான்.

"என் தப்பு சார். ரெண்டு தடவையும் சரியா பாக்காம கேஸ் போட்டுட்டேன்."

பொய் சொல்ல வாயைத் திறந்தவன் உண்மையைச் சொல்லிவிட்டேன். நான் பார்த்துவந்த அவருடைய ஆபீஸ் பிரிட்ஜ் ஒன்றையும் இனித் தொடக் கூடாது என்றார்.

ஏசி மறுபடி நின்றால் பார்க்க விடுதியிலேயே தங்கினேன். மறுநாள் நான் கடைசி பஸ் ஏறுவதற்கு முன்பே டிரைவர் வந்து நடந்ததைச் சொன்னார். பெரிய அதிகாரி காரில் ஏறி மூன்றாவது வளைவில், "யோவ், குளுருது, நிறுத்துய்யா" என்று கண்ணாடியை இறக்கிவிட்டாராம். இறக்கியதும் நாலு மாத மனுக்களும் மடியில் வந்து விழுந்தன. ஒவ்வொரு பள்ளத்திலும் தலை கூரையில் இடிக்க, "இந்த ரோட்டுல இவ்வளவு பதமா ஓட்டறாரே, இவர் பர்மனென்ட்டா?" என்று கேட்டிருக்கிறார். அங்கேயே ஃபைலை வரவழைத்து, பானெட்டின் மேல் வைத்து, மப்ளர்க்காரரின் கையெழுத்து.

ஏசிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. என் ஆபீஸ் வேலை போனது போனதுதான். சிரித்துவைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து டிரைவர் கடைக்கு வந்தார். புது யூனிஃபார்ம், கையில் இனிப்புப் பொட்டலம், ஒரு பை.

"எனக்காவ நீங்க பழிய ஏத்துக்கினு பொழப்ப வுட்டுட்டீங்க. உங்க கட மேல கண்ணு பட்டுப்போச்சுங்க" என்றார். பையிலிருந்து ஐந்து எலுமிச்சம்பழம் எடுத்தார். கட்டுக்கம்பியும் எடுத்தார். வாசலில் விற்பனைக்கு நின்ற பிரிட்ஜின் முதுகில், வரிவரியாக ஓடும் குழாயில், இறுகக் கட்டிக் குங்குமம் வைத்தார். ஆறு வருடம் காத்திருந்தவரின் சந்தோஷம் அது. தடுக்க மனம் வரவில்லை.

அவர் பஸ் ஏறும்வரை கையசைத்துவிட்டு, ஓடிவந்து கம்பியை அவிழ்த்து நூலால் கட்டினேன். பிறகு துணியை எடுத்துக் குங்குமத்தைத் துடைத்தேன். எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் சுத்தமாக உதிர்ந்தது. ஓட்டை இல்லை.